தையல் வெளியே தெரிய உடுத்தியவள்

என் வீட்டு மாடியில் குடியிருந்த ஒரு பெண்ணை, தெருவே கூடி நிற்க, திருடி என்று சொன்னேன். அவள் திருடவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரியாமல் சொல்லியிருந்தால் வயதான காலத்தில் நேர்ந்த அவசரம் என்று ஆறுதல் தேடியிருப்பேன். தெரிந்தே சொன்னவனுக்கு அந்த ஆறுதல் கிடையாது. அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை அதை நான் தெருவில் இழுத்தது போதும்.

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டைப் பார்க்க அவள் வந்த அன்று சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள். தோள் தையல், பக்கத் தையல், மடித்து அடித்த ஓரம் எல்லாம் வெளியே தெரிந்தன. பிடரியில் அளவுச் சீட்டு துருத்திக்கொண்டிருந்தது. அவசரத்தில் கிளம்பியிருப்பாள் என்று நினைத்து என் மனைவி ஸ்டெல்லா அவளைச் சமையலறைப் பக்கம் அழைத்து மெதுவாகச் சொன்னாள். பதில் கூடம் வரை கேட்டது.

"தெரியும் ஆன்ட்டி, வேணும்னேதான் போட்டிருக்கேன். தைக்கறவ பட்ட பாடெல்லாம் இந்தப் பக்கத்துலதான் இருக்கு. அதப் போய் உள்ள தள்ளி மறைச்சிக்கினு."

"என்னம்மா வேலை பார்க்கறே?" என்று கேட்டேன்.

"டிசைனர் அங்கிள். முன்னாடி எக்ஸ்போர்ட் கம்பெனில இருந்தேன். இப்போ சொந்தமா துணி டிசைன் பண்றேன். பீரியட்ஸ் பத்தின துணி."

ஸ்டெல்லா சுவரில் தொங்கிய சபை நாள்காட்டியைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் எந்த மொழியிலும் உச்சரிக்கப்பட்டதில்லை. அந்த நாட்களில் ஸ்டெல்லா 'உடம்பு சரியில்ல' என்பாள்; நான் மேற்கொண்டு கேட்கமாட்டேன். அவளுக்கு அந்தக் காலம் முடிந்தபோதும் எனக்குச் சொல்லப்படவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

வீடு வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஸ்டெல்லா, "எப்போ குடி வர்றே?" என்று கேட்டுவிட்டாள். நாற்பது வருடத்துக்கும் மேலான குடும்ப வாழ்க்கையில் என்னை முந்திக்கொண்டு அவள் எடுத்த முடிவுகள் மிகக் குறைவு. அன்றிலிருந்தே எனக்குச் சந்தேகம் பிடித்தது.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். சீட்டு ஒட்டாத குப்பியை நம்பக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியவன். இவளிடமோ எல்லாக் குப்பியிலும் சீட்டு இருந்தது. வாசற்கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவாள். ஆம்பூரிலிருந்து அவள் அம்மா திட்டுவது எங்கள் கூடத்துக்குக் கேட்கும். மாடிப்படியில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடி, ஊசியை உதட்டில் கடித்துக்கொண்டு பல்லிடுக்கால் எல்லோரிடமும் பேசுவாள். இப்படி எல்லாவற்றையும் வெளியே வைப்பவள், வெளியே வைக்க முடியாத ஏதோ ஒன்றுக்காகத்தான் இவ்வளவு கடை பரப்புகிறாள் என்று கணக்குப் போட்டேன்.

என் கணக்குக்கு எதிர்வீட்டு லாரன்ஸ் துணை. காலை நடையில் தெருச் செய்தி முழுவதும் அவர் வாயில்தான் விடியும்.

"சார், உங்க மாடிப் பொண்ணு நேத்து மெடிக்கல் ஷாப்ல இன்னா பண்ணிச்சு தெரியுமா? அந்த பாக்கெட்ட பேப்பர்ல சுத்தி கறுப்பு கவர்ல போட்டுக் குடுத்தா, பிரிச்சி கவரத் திருப்பிக் குடுத்துட்டு, பாக்கெட்ட மட்டும் கைல புடிச்சிக்கினு நடு ரோட்ல வருது. கடைக்காரன் கவரத் தூக்கிக்கினு பின்னாடியே ஓடி வர்றான், 'மேடம், மேடம், கவர் ஃப்ரீதான் மேடம்'னு!"

"அது என்ன சொல்லிச்சு?"

"'பிஸ்கட்டுக்குக் குடுத்தீங்களா அண்ணா கவர்? இதுக்கு மட்டும் ஏன்?'னு கேக்குது. அவன் மூஞ்ச பாக்கணுமே. சர்ச்சுக்குப் போற நாலு பேர் நிக்கறாங்க சார் அங்க."

லாரன்ஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மாடியை நிமிர்ந்து பார்த்தேன். கொடியில் வெள்ளைத் துணிகள் காய்ந்தன. ஒவ்வொன்றிலும், இடுப்புக்குக் கீழே, பின்பக்கத்தில், கருஞ்சிவப்பாக ஒரு திட்டு. தெருவைப் பார்த்த பக்கத்தில்தான் அவற்றைக் காயப்போட்டிருந்தாள்.

பிறகு ஒருநாள், மாடியிலிருந்து இறங்கும் குழாயில் சிவப்பாகத் தண்ணீர் வந்தது. "இன்னா சார், மாடில பிளட் பேங்க் தொறந்துட்டீங்களா?" என்று லாரன்ஸ் தெருவிலிருந்து கத்தினார். அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்கு விளையாட்டாகப் படவில்லை. அந்த வாரம் முழுக்க மாடிக்குப் பெண்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். இளவயதுப் பெண்கள், பேரன் எடுத்தவர்கள், எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள்கூட. வரும்போது கையில் கறுப்புக் கவர். போகும்போது வெறும் கை. படியிறங்கும்போது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். மருத்துவம் படிக்காத யாரோ மாடியில் செய்யக் கூடாத மருத்துவம் செய்கிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு சாக்கடை ஓரம் குந்தி அந்தச் சிவப்புத் தண்ணீரைப் பிடித்தேன். ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் ரத்தம் நுரைக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போலீசுக்குப் போவதாகத் திட்டம்.

"அங்கிள், என்ன தேடறீங்க?" மேலே படியிலிருந்து குரல்.

"அடைப்பு," என்றேன்.

அடுத்த நிமிடம் கையில் கம்பியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "என் சாயத் தண்ணிதான் அங்கிள், சாரி. மஞ்சிட்டி வேர் வேகவெச்சேன், சக்கை போய் மாட்டியிருக்கும்." திருப்பிப் போட்ட சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, இல்லாத அடைப்பை எடுக்கச் சாக்கடைக்குள் கைவிட்டாள். நான் குப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

தண்ணீர் நுரைக்கவில்லை. வெறும் வேர்ச் சாயம். என் மனம் சமாதானமாகியிருக்க வேண்டும். ஆனால், ரத்தமில்லை என்று நிரூபிக்க அவளே முந்திக்கொண்டு வந்து வேரைப் பற்றிச் சொன்னாளே, ஏன் என்று யோசித்தபடி படுத்தேன்.

அந்தக் கவர்களில் என்ன இருந்தது என்பதை அவளே ஒருநாள் சொன்னாள். படியில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூட வெள்ளைப் பாவாடையில் சிவப்பு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"இது ஒரு டீச்சரோடது அங்கிள். ஸ்கூல்ல படிக்கறப்போ பிரேயர்ல நிக்கும்போது பட்ட கறை. துவைச்சும் போகல, தூக்கிப் போடவும் மனசு வரல. அலமாரிக்கு அடில வெச்சிருந்திருக்காங்க. இப்படி நெறைய பேர் வீட்ல இருக்கு. கவர்ல ஒளிச்சி எடுத்துட்டு வர்றாங்க. நான் கறைய அழிக்கறதில்ல, மூடறதும் இல்ல. அதச் சுத்தி தையல் போடறேன். திரும்பப் போட்டுக்கற மாதிரி புதுசா வெட்டித் தர்றேன்."

"எதுக்கு?"

"போட்டுக்கிட்டு நடக்கறதுக்கு. ரிச்சர்ட்ஸ் டவுன்ல ஒரு ஹால் சொல்லியிருக்கேன். ரெண்டு வருஷமா இதுக்குத்தான் ஒழைக்கறேன். மாடலெல்லாம் கெடையாது. துணி யாரோடதோ அவங்களே வந்து நிக்கணும், கேக்கறவங்களுக்குக் கதை சொல்லணும். முடியாதவங்க துணிய மட்டும் குடுக்கலாம், பேர் வெளிய வராது."

"பேரை மறைக்கலாமா? உன் கொள்கைக்கு ஆகாதே," என்றேன், கொஞ்சம் குத்தலாக.

ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "என்னோடத நான் மறைக்கமாட்டேன் அங்கிள். அடுத்தவங்களோடத தொறக்கறதுக்கு நான் யாரு?"

நான் எழுந்தேன். முதுகுக்குப் பின்னால் அவள் சிரித்துக்கொண்டே சொன்னது கேட்டது: "மறைச்சா சந்தேகப்படுவாங்கன்னு எங்கம்மா சொல்லும். மறைக்கலன்னா அதவிட சந்தேகப்படறாங்கப்பா."

அவளை ஒரு புனிதவதியாக எழுதிவிடக் கூடாது. எங்களிடம் வாங்கிய ஏணியைத் திருப்பித் தந்ததே இல்லை. தையல் இயந்திரத்தை மதியத் தூக்க நேரத்தில்தான் ஓட்டுவாள். யாராவது அழுதுகொண்டு கதை சொன்னால், அவள் கண் அவர்கள் முகத்தைவிட அவர்கள் கொண்டுவந்த துணியில்தான் அதிகம் இருக்கும். அதைப் பலமுறை படியோரம் நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் பார்வையை இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

இனி அந்த நாள். ஹால் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருந்தது. அவள் அங்கே ஏற்பாடு பார்க்கப் போயிருந்தாள். ஸ்டெல்லா சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் ஏதோ பழைய போர்வைக்காக பீரோவின் கீழ்த்தட்டைக் குடைந்தேன். ஸ்டெல்லாவின் கல்யாணப் புடவையைச் சுற்றி வைத்திருக்கும் மல் துணி கையில் வந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

வெள்ளைப் பட்டு அது. எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் கல்யாணப் புடவையைக் கடைசி நாளில் தங்களுக்கு உடுத்தச் சொல்லிப் பத்திரப்படுத்துவார்கள். ஸ்டெல்லாவும் அதற்குத்தான் வைத்திருக்கிறாள் என்று நான் நம்பியிருந்தேன். வீட்டுக்குள் வந்துபோகிற வெளியாள் ஒருத்திதான். மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. திருடியைப் பிடித்துவிட்ட உற்சாகத்தோடு மாடியேறினேன்.

நடு அறையில் ஒரு பொம்மைக்கு அந்தப் புடவையைச் சுற்றியிருந்தாள். பின்பக்கம் ஜன்னலைப் பார்த்திருந்தது. அதில் பழுப்பேறிய ஒரு கறை. உள்ளங்கை அளவு. அதைச் சுற்றி வட்டமாகச் சிவப்புப் பட்டு நூலில் எழுத்துகள். ஸ்டெல்லாவின் கையெழுத்தை அப்படியே படியெடுத்துத் தைத்திருந்தாள். சுற்றி நடந்து படித்தேன்.

'இன்னிக்குத்தானா உனக்கு வரணும்? மானத்த வாங்கிட்டியே.'

முதல் நொடியில் யாரோ யாரிடமோ சொன்னது போலிருந்தது. அடுத்த நொடி என் குரல் எனக்குக் கேட்டது. கல்யாணத்தன்று ஆராதனை முடிந்து, புகைப்படத்துக்கு நிற்கும் நேரம். என் அம்மா ஓடி வந்து ஸ்டெல்லாவின் இடுப்பைச் சுற்றி ஒரு சால்வையைக் கட்டினார். என்ன நடந்தது என்று புரிந்ததும் நான் அவள் காதோரம் குனிந்தேன். படம் எடுப்பவர், "மாப்பிள்ளை ரகசியம் அப்புறம் பேசலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. அதில் நானும் சிரிக்கிறேன்.

அந்த வாக்கியத்தை நான் மறந்தே போயிருந்தேன். ஒருத்திதான் அதைக் கேட்டவள். அவள் சொல்லாமல் இந்த நூலில் அது ஏற வழியில்லை. ஆகவே புடவை திருட்டுப் போகவில்லை, கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. ஒரு வாரத்தில் ரிச்சர்ட்ஸ் டவுனில், எங்கள் சபையார் வந்துபோகும் ஹாலில், இதை எல்லோரும் படிப்பார்கள். ஸ்டெல்லாவின் கையெழுத்தைத் தெரிந்தவர்கள் அங்கே அநேகர். நான் சபைக் கமிட்டியில் இருந்தேன்.

புடவையை அவிழ்த்துக் கீழே கொண்டுவந்தேன். குளியலறை வாளியில் வெளுப்பு நீரைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி, கறையும் எழுத்தும் இருந்த பகுதியை மட்டும் முக்கினேன். பட்டு என்பது புரதம். குளோரின் சேர்ந்த நீர் அதை முதலில் மஞ்சளாக்கும், பிறகு கரைக்கும். இதை எத்தனையோ வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். வாளியருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா வந்து குளியலறை வாசலில் நின்றாள். நான் திரும்பாமலே சொன்னேன்: "புடவைய அவ திருடி வெச்சிருந்தா. கறை இருந்துச்சு, போக்கலாம்னு போட்டேன். பட்டு இப்படி ஆகும்னு நெனைக்கல." அவள் வாளியைப் பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் மாடிப் பெண் படியிறங்கி ஓடி வந்தாள். "ஆன்ட்டி, வீட்டுக்குள்ள யாரோ பூந்திருக்காங்க, புடவை..." அதற்குள் நான் வாசலுக்கு வந்து குரலை உயர்த்திவிட்டேன். கேட்டைத் திறந்துகொண்டு லாரன்ஸ் வந்தார். அவர் மனைவி மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை இறக்கி வைத்தார்.

"என் பொண்டாட்டி கல்யாணப் புடவையத் திருடி வெச்சிருக்கா," என்றேன். "சாவுக்குன்னு வெச்சிருந்த புடவை."

"ஹௌதா சார், நெஜமாவா?" என்றார் லாரன்ஸ். "போலீஸ கூப்பிடட்டுமா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் கதவோரம் நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்தாள். நான் திரும்பவில்லை. ஸ்டெல்லா தலை குனிந்துகொண்டாள் என்று தெரியும். அவள் வளையல் கதவில் உரசிய சத்தம் கேட்டது.

ஒரு வார்த்தை போதும் மாடிப் பெண்ணுக்கு. 'ஆன்ட்டிதான் குடுத்தாங்க' என்றால் முடிந்தது. மருந்துக்கடைக் கவரைத் திருப்பிக் கொடுத்தவள், தன் வாழ்க்கையை ஒலிபெருக்கியில் வைத்தவள், வாயைத் திறக்கவில்லை. ஊசியை மட்டும் உதட்டிலிருந்து எடுத்துச் சட்டைத் தையலில் குத்திக்கொண்டாள்.

"சரி அங்கிள். எப்போ காலி பண்ணணும்?"

"போலீஸ் வேணாம்," என்று லாரன்ஸிடம் சொன்னேன். "சின்னப் பொண்ணு. போகட்டும்." அதைப் பெருந்தன்மையாகத் தெரு எடுத்துக்கொண்டது. மறுநாள் ஹால்காரருக்கும் நானே தொலைபேசினேன். எங்கள் சபைக்காரர்தான். நிகழ்ச்சி நின்றது.

அவள் போன பிறகு, நான் குப்பைக் கூடையில் அமுக்கியிருந்த புடவையை ஸ்டெல்லா எடுத்து அலசி, தெருவைப் பார்த்த கொடியில் காயப்போட்டாள். நடுவில் பெரிய ஓட்டை. காய்ந்ததும் மடித்து எங்கோ வைத்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அடுத்த பெரிய வெள்ளிக்குச் சபையில் பெண்கள் எல்லோரும் வெள்ளை உடுத்தியிருக்க, அவள் கருஞ்சிவப்புப் புடவையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வருடமும் அப்படியே வந்தாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நான் காத்திருந்தேன். என்றாவது மாடிப் பெண் பேசுவாள், எங்காவது என் வாக்கியம் தொங்கும், யாராவது வந்து கேட்பார்கள் என்று. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கமாட்டேன். வருடங்கள் போயும் ஒன்றும் நடக்காததால் பயம் குறையவில்லை. ஏதோ பெரிதாகத் திட்டமிடுகிறாள் என்று தோன்றியது.

போன வருடம் மெட்ரோவில் அவளைப் பார்த்தேன். பையப்பனஹள்ளியில் ஏறினாள். ரவிக்கையைத் திருப்பிப் போட்டிருந்தாள். நான் செய்தித்தாளைத் தூக்குவதற்குள் பார்த்துவிட்டாள்.

"அங்கிள்! ஆன்ட்டி எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா."

"நான் வைட்ஃபீல்ட்ல இருக்கேன். பழைய கோடவுன் ஒண்ணு. சனிக்கிழமை சனிக்கிழமை எல்லாருக்கும் தொறந்திருக்கும். வாங்க."

முகத்தில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தச் சனிக்கிழமையே போனேன், மன்னிப்புக் கேட்க இல்லை. என் வாக்கியம் அங்கே இருக்கிறதா என்று பார்க்க.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பின்னால் தகரக் கூரை போட்ட கிடங்கு. வரிசையாகத் துணிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெண் நின்று, வருபவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எழுதி ஒட்டியது எதுவும் இல்லை. ஐடி கம்பெனிப் பெண்கள், ஆண்கள்கூட, நின்று கேட்டார்கள். கடைசிவரை நடந்தேன். என் வாக்கியம் எங்கும் இல்லை. நடுவில் ஒரு தாங்கி மட்டும் வெறுமையாக இருந்தது.

"இதுல என்ன வரப்போகுது?" என்று கேட்டேன்.

"அது ஆன்ட்டியோடது. எடம் விட்டு வெச்சிருக்கேன்."

"இத்தனை வருஷமாவா? ஏன் அன்னைக்கு நீ சொல்லல?"

"சொல்லமாட்டேன்னு ஆன்ட்டிக்கு வாக்குக் குடுத்திருந்தேன்," என்றாள். ஏதோ ஏணியைப் பற்றிப் பேசுவதுபோல.

திரும்பி வந்ததும் லாரன்ஸைப் பிடித்தேன்.

"லாரன்ஸ், அந்த மாடிப் பொண்ணு திருடல. புடவைய ஸ்டெல்லாதான் குடுத்தா. எனக்கு அப்போவே தெரியும். நான் சொன்னது பொய்."

லாரன்ஸ் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சார், இந்த மனசு யாருக்கு வரும்? திருடிக்கினு போனவளுக்கும் நல்ல பேர் வாங்கிக் குடுக்கணும்னு பழிய உங்க மேல போட்டுக்கறீங்களே. படிச்சவங்க படிச்சவங்கதான் சார்."

எவ்வளவு மறுத்தாலும் கேட்கவில்லை. மறுக்க மறுக்க என் மதிப்பு கூடியது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, மன்னிக்கும் குணத்துக்காக என்னை இரண்டு பேர் வாழ்த்தினார்கள். பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, "லாரன்ஸ்கிட்ட உண்மையச் சொல்லிட்டேன். அவன் நம்பமாட்டேங்கறான்" என்றேன்.

"எங்கிட்ட எப்போ சொல்லப்போறீங்க?" என்றாள்.

நான் மின்விசிறியைப் போட்டேன். அவள் கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய் அந்தப் புடவையைக் கொண்டுவந்து என் பையில் வைத்தாள். "அவகிட்ட குடுத்துடுங்க. நான் வரல."

கிடங்கின் மேசையில் அவள் அதை விரித்தாள். ஓட்டைக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கறை முழுக்கப் போயிருந்தது. எழுத்தில் 'இன்னிக்குத்' மட்டும் ஓரத்தில் தப்பியிருந்தது. அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். கண்கள் மின்னின.

"எவ்ளோ நேரம் ஊறிச்சு அங்கிள்? தண்ணி கலக்கலையா? ஓரம் பாருங்க, என்ன கலர்!"

வாய்மொழித் தேர்வுக்கு வந்த மாணவனைப்போல நான் பதில் சொன்னேன். என்னை மன்னிக்கிறாளா, எனக்குள்ளிருந்து ஒரு நல்ல துண்டு கிடைத்ததென்று மகிழ்கிறாளா என்று தெரியவில்லை. இன்றும் தெரியாது.

"இதுல ஊசியே படக் கூடாது. இப்படியே தொங்கட்டும். ஆனா யாராவது பக்கத்துல நிக்கணும். ஆன்ட்டி வரலன்னா நீங்க நில்லுங்க."

"நானா? இங்க எல்லாரும் பொம்பளைங்க."

"அதனாலதான் சொல்றேன்."

நின்றேன். சனிக்கிழமைதோறும் ஆட்டோவும் மெட்ரோவுமாகப் போய் நின்றேன். "இது என் மனைவியின் கல்யாணப் புடவை. அன்றைக்கு அவளுக்கு மாதவிடாய் வந்தது. நான் அவளிடம் இப்படிச் சொன்னேன்," என்று அந்த வாக்கியத்தைச் சொல்வேன். ஒரு அம்மாள் என் முகத்துக்கு நேராக 'சே' என்றுவிட்டுப் போனார். ஒரு பையன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். ஓட்டையைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும், "பழைய பட்டு, நாளானா இத்துப்போகும்" என்றேன். அடுத்த மேசையில் தைத்துக்கொண்டிருந்த அவளுக்கு அது கேட்கும். ஊசியைக் கடித்தபடி இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே இருப்பாள். எதற்கோ காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. எனக்கு முன்னால் சிறிய வரிசை. தலை நிமிர்ந்தபோது வரிசையில் அடுத்து நின்றது ஸ்டெல்லா. தனியாக அவ்வளவு தூரம் வந்திருந்தாள். அவளே வர நினைத்தாளா, இவள் தொலைபேசியில் ஏதாவது சொன்னாளா என்று கேட்டுக்கொள்ள அப்போது நேரமில்லை. என்னை முன்பின் தெரியாதவள்போலப் பார்த்தாள்.

"இது என்ன சார்?"

சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை இரண்டாவது முறையாகச் சொன்னேன்.

"சரி. இந்த ஓட்டை?"

தையல் இயந்திரம் நின்றிருந்தது. வரிசையில் பின்னால் ஆட்கள் இருந்தார்கள்.

"நான்தான்," என்றேன். "என் பொண்டாட்டி குடுத்த புடவைன்னு தெரிஞ்சே எடுத்தேன். எழுதியிருந்ததப் படிச்சேன். வெளுப்புல போட்டா பட்டு கரையும்னு தெரியும். கறைய எடுக்கறதுக்காகப் போடல. யாரும் படிக்கக் கூடாதுன்னு போட்டேன். பழிய ஒரு பொண்ணு மேல போட்டேன்."

ஸ்டெல்லா ஓட்டையைப் பார்த்தாள். "சரி" என்றாள். பிறகு நகர்ந்து, பக்கத்தில் பள்ளிப் பாவாடையோடு நின்ற டீச்சரிடம், "உங்களுது என்னம்மா?" என்று கேட்டாள்.

அவள் நின்ற இடத்துக்கு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். இந்த முறை ஓட்டையிலிருந்து ஆரம்பித்தேன்.